எது பெரிய எண்? எண்களின் பண்புகளும் ஒப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் என் வீட்டுக்குக் கணக்குப் படிக்க வரும் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்த ஒன்று: குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முளைக்கிறது. எண் எழுதப்பட்டிருக்கும் தோற்றத்தைப் பார்த்தே அதன் அளவை முடிவு செய்துவிடுகிறோம். நீளமாக இருந்தால் பெரியது, 8 இருந்தால் 4-ஐ விடப் பெரியது என்று கண் அவசரப்படுகிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த அவசரத்தைப் பற்றியவை.

பெரிய பெரிய எண்கள் இரண்டைக் கொடுத்தால், எது பெரியது என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் இலக்கங்களை எண்ணுங்கள். முழு எண்களில் அதிக இலக்கம் உள்ளதுதான் பெரியது (முன்னால் வெறும் பூஜ்ஜியம் போட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்). இலக்க எண்ணிக்கை சமமாக இருந்தால் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வாருங்கள். முதன்முதலில் எங்கே வேறுபாடு வருகிறதோ அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7,21,47,030. மத்தியப் பிரதேசம் 7,26,26,809. இரண்டும் எட்டு இலக்கம். முதல் இலக்கம் 7, 7. அடுத்தது 2, 2. மூன்றாவது இடத்தில் 1, 6. மத்தியப் பிரதேசம் பெரியது. அதற்கு மேல் ஓர் இலக்கம்கூடப் பார்க்க வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். வலப்பக்கம் எத்தனை 9 அடுக்கினாலும் இடப்பக்கத்து ஒரே ஒரு 1-ஐ எட்ட முடியாது. 999-ஐ விட 1000 பெரியது. 9,999-ஐ விட 10,000 பெரியது. ஓர் இடத்தில் 1 கூடினால் அது, அதற்குக் கீழுள்ள எல்லா இடங்களும் சேர்ந்து தரக்கூடியதை விட அதிகம். இடமதிப்பு முறையின் உயிரே இதுதான்.

> , < குறிகளில் எது எது என்று மறந்துபோகிறது. என்ன செய்வது?

அகலமாகத் திறந்திருக்கும் பக்கம் பெரிய எண், கூர்மையான பக்கம் சிறிய எண். அவ்வளவுதான். இந்தக் குறிகள் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் எழுதி, அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து 1631-இல் வெளிவந்த நூலில் முதலில் அச்சாயின. = குறி அதற்கும் முன்னால், 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் கொண்டுவந்தது. இரண்டு இணைகோடுகளை விடச் சமமான பொருள் வேறு இல்லை என்று அவர் காரணம் சொன்னார்.

லட்சம், கோடி, மில்லியன், பில்லியன்: எது எதற்குச் சமம்?

10 லட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி 10 மில்லியன். 100 கோடி ஒரு பில்லியன். லட்சம் கோடி ஒரு டிரில்லியன். காற்புள்ளி மாறுவதும் குழப்பும்: நாம் 12,34,567 என்று எழுதுவதை வெளிநாட்டுச் செய்தியில் 1,234,567 என்று போடுவார்கள். எண் ஒன்றுதான்.

இந்தச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்தாலும் அளவு மனதில் உட்காராது. அதற்கு நான் வினாடிக் கணக்குத் தருவேன். ஒரு லட்சம் வினாடி எவ்வளவு நேரம்? ஒரு நாளும் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி நேரமும். ஒரு மில்லியன் வினாடி பதினொன்றரை நாள். ஒரு கோடி வினாடி நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பில்லியன் வினாடி ஏறக்குறைய 31 ஆண்டு 8 மாதம். ஒரு டிரில்லியன் வினாடி 31,000 ஆண்டுக்கும் மேல். மில்லியனுக்கும் பில்லியனுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, பதினொன்றரை நாளையும் 31 ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அப்படியே அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். எண் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

-10 பெரியதா, -3 பெரியதா?

-3 தான் பெரியது. எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பது பெரியது, இடப்பக்கம் இருப்பது சிறியது. -10 பூஜ்ஜியத்திலிருந்து வெகு தூரம் இடப்பக்கம் போய்விட்டது.

"10 என்பது 3-ஐ விடப் பெரியதுதானே சார்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அவர்கள் பார்ப்பது பூஜ்ஜியத்திலிருந்து உள்ள தொலைவை. அதற்கு மட்டு மதிப்பு என்று தனிப்பெயர் உண்டு. அதில் 10 தான் பெரியது. இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன, அவ்வளவே. லே நகரில் -10 டிகிரி, ஸ்ரீநகரில் -3 டிகிரி என்றால் எங்கே வெப்பநிலை அதிகம்? இதற்கு எந்தப் பிள்ளையும் தப்பாகப் பதில் சொல்வதில்லை.

கடனை வைத்தும் பார்க்கலாம். 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்களுக்கு விதி எழுதியபோது, மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும்தான் சொன்னார். பத்தாயிரம் ரூபாய் கடன் உள்ளவரை விட மூவாயிரம் ரூபாய் கடன் உள்ளவர் நிலை மேல்.

அப்புறம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று: இருபுறமும் குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிவிடும். 3 < 5, ஆனால் -3 > -5. பூஜ்ஜியத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தியது போல எண்கோடு இடம் வலமாக மாறுகிறது. இதை மறப்பதால்தான் சமனிலிகளில் மதிப்பெண் போகிறது.

0 இரட்டை எண்ணா? அது மிகையா, குறையா?

இரட்டை எண்தான். 2-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்பதே விதி; 0 = 2 × 0. ஒற்றை, இரட்டை மாறி மாறி வரும் வரிசையிலும் -1, 0, 1 என்று சரியாக உட்காருகிறது. 2016 ஜனவரியில் டெல்லியில் ஒற்றை-இரட்டை வாகனத் திட்டம் வந்தபோதும் பதிவெண் 0-இல் முடியும் கார்களை இரட்டைப்படை நாளில்தான் விட்டார்கள். மிகை, குறை இரண்டும் அது இல்லை.

இங்கே தமிழ்ச் சொற்களே ஒரு சிக்கல் தருகின்றன. நம் பாடநூலில் 1, 2, 3 என்று போவது இயல் எண்கள். அதோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். 'முழு எண்', 'முழுக்கள்' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பதால், -4 முழு எண்ணா என்ற கேள்வியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையும் தடுமாறும். -4 முழுக்களில் உண்டு, முழு எண்களில் இல்லை.

1 ஏன் பகா எண் இல்லை? 1-ஆலும் அதே எண்ணாலும் மட்டும்தானே வகுபடுகிறது?

பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வெவ்வேறு வகுத்திகள் வேண்டும். 1-க்கு ஒன்றே ஒன்றுதான். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 1-ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே விதத்தில்தான் பிரிக்க முடியும் என்பது எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். 12 = 2 × 2 × 3, வேறு வழி கிடையாது. 1-ஐப் பகா எண்ணாக ஏற்றுக்கொண்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதலாம். 'ஒரே விதம்' போய்விடும். முன்பு கணிதர்கள் சிலர் 1-ஐயும் சேர்த்தே எழுதினார்கள். 1914-இல் வெளிவந்த லெமரின் பகா எண் பட்டியல்கூட 1-இலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே இந்தச் சந்தேகம் வருகிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.

1/8 பெரியதா, 1/4 பெரியதா? 8 பெரிய எண் அல்லவா?

1/4 பெரியது. ஒரு தோசையை நான்கு பேருக்குப் பிட்டால் கிடைக்கும் துண்டு, எட்டுப் பேருக்குப் பிட்டால் கிடைப்பதை விடப் பெரியது. தொகுதி (மேலே இருப்பது) சமமாக இருந்தால், பகுதி (கீழே இருப்பது) கூடக் கூட மதிப்பு குறையும்.

தொகுதி, பகுதி இரண்டும் வேறாக இருந்தால்? 5/8, 3/4 இரண்டில் எது பெரியது? ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுமாறும் இந்தக் கணக்கை எங்கள் வீட்டில் கதவு மாட்ட வந்த தச்சர் யோசிக்காமலே சொன்னார். தச்சு வேலையிலும் கட்டட வேலையிலும் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். 5/8 அங்குலம் அவருக்கு அஞ்சு நூல். 3/4 அங்குலம் ஆறு நூல். அஞ்சை விட ஆறு பெரியது, கதை முடிந்தது. 11/16 என்று கேட்டேன். "அஞ்சரை நூல்" என்றார். அப்படியானால் 5/8-க்கும் 3/4-க்கும் நட்டநடுவில் இருக்கிறது. பாடநூல் 'பகுதிகளைச் சமமாக்கி ஒப்பிடுக' என்று சொல்வதைத்தான் அவர் செய்கிறார்: எல்லாவற்றையும் ஒரே அளவுள்ள துண்டுகளாக்கிவிட்டு, துண்டுகளை எண்ணுகிறார்.

நம் பழைய பின்ன முறையும் இதே வேலையைச் செய்தது. கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று பெயர்கள் இருந்தன. இவற்றைப் பெயரை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அரைக்காலில் 'அரை' இருப்பதால் காலை விடப் பெரியது என்று இன்றும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அது காலில் அரை. ஆனால் முந்திரியில் எண்ணிப் பாருங்கள்: கால் 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. வரிசை கண்முன் நிற்கிறது. மாகாணி என்ற பெயரே மாவும் காணியும் சேர்ந்தது: 16 + 4 = 20. நம் முன்னோர் கணக்கு எழுதியவர்கள் 320-ஐப் பொதுப் பகுதியாக வைத்து வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை முதலில் உணர்ந்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி கொஞ்சமில்லை.

குறுக்குப் பெருக்கல் ஏன் சரியாக வருகிறது?

5/7, 7/10 என்று வைத்துக்கொள்வோம். 5 × 10 = 50, 7 × 7 = 49. ஆகவே 5/7 பெரியது. நீங்கள் செய்தது வேறொன்றும் இல்லை: இரண்டையும் 70 என்ற பகுதிக்கு மாற்றினீர்கள், 50/70, 49/70. பகுதி இரண்டிலும் ஒன்றே என்பதால் அதை எழுதாமல் விட்டீர்கள். பகுதிகள் மிகை எண்களாக இருக்கும்வரை இது என்றும் சரி.

சில இடங்களில் இதுவும் வேண்டாம். 7/8, 8/9 என்றால் ஒன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். முதலாவதில் 1/8 குறைகிறது, இரண்டாவதில் 1/9 தான் குறைகிறது. குறைவாகக் குறைவது பெரியது: 8/9.

9.11 பெரியதா, 9.9 பெரியதா?

9.9 தான். புள்ளிக்குப் பிறகு இலக்கங்களைச் சமமாக்கிக்கொள்ளுங்கள்: 9.11, 9.90. இப்போது 11-ஐயும் 90-ஐயும் ஒப்பிட்டால் போதும். கடைசியில் பூஜ்ஜியம் சேர்ப்பதால் தசம எண்ணின் மதிப்பு மாறாது.

2024-இல் இந்தக் கேள்விக்குப் பேர்போன செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகள் சில 9.11 என்று தவறாகப் பதில் சொல்லி, உலகமே பேசியது. பிள்ளைகளும் அதே தவற்றைச் செய்வதில் வியப்பில்லை, ஏனென்றால் புள்ளி எல்லா இடத்திலும் தசமப் புள்ளியாக இருப்பதில்லை. மென்பொருளில் 3.9 பதிப்புக்குப் பிறகு 3.10, 3.11 என்று வரும், அங்கே 3.11 தான் புதியது. புத்தகத்தில் 9.11 என்பது ஒன்பதாம் பாடத்தின் பதினோராம் பகுதி.

கிரிக்கெட்டில் இன்னும் வேறு. 9.3 ஓவர் என்றால் ஒன்பது ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே அது ஒன்பதரை ஓவர். 9.3 ஓவரில் 95 ரன் எடுத்திருந்தால் ரன் ரேட் என்ன? கால்குலேட்டரில் 95 ÷ 9.3 என்று தட்டுகிறவருக்கு 10.2 வரும். சரியான விடை 95 ÷ 9.5 = 10. எட்டாம் வகுப்புப் பையன்களிடம் இதைக் கொடுத்தால் வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

பை-யின் மதிப்பு 22/7 தானே?

இல்லை. கணக்குப் போட வசதியாக வைத்துக்கொள்ளும் தோராயம் அது. 22/7 = 3.142857..., பை = 3.141592... ஆகவே 22/7 சற்றுப் பெரியது. 3.14 சற்றுச் சிறியது. 499-இல் ஆரியபட்டர் தந்த 62832/20000, அதாவது 3.1416, மிக நெருக்கமானது. அதையும் அவர் தோராயம் என்றே குறிப்பிட்டார். வரிசையாக எழுதினால் 3.14 < பை < 3.1416 < 22/7. பை விகிதமுறா எண் என்பதால் எந்தப் பின்னமும் அதற்குச் சரியாகச் சமமாகாது. '22/7 விகிதமுறு எண்ணா?' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதுங்கள். அது ஒரு சாதாரணப் பின்னம்.

0.999... என்று முடிவில்லாமல் போனால், அது 1-ஐ விடச் சிறியதா?

சமம். கொஞ்சம் குறைவு என்றுதான் மனம் அடம்பிடிக்கும். சரி, 1/3 = 0.333... என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? இருபுறமும் 3-ஆல் பெருக்குங்கள். இடப்புறம் 1, வலப்புறம் 0.999... வந்துவிடும். இன்னொரு வழி: இரண்டு எண்கள் வேறு வேறு என்றால் நடுவில் இன்னோர் எண் இருக்க வேண்டும். 0.999...-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். கிடைக்காது. ஒரே எண்ணுக்கு இரண்டு உடை.

பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, பங்கீட்டுப் பண்பு எல்லாம் எதற்கு? பரீட்சைக்கு மட்டும்தானா?

மளிகைக் கடையில் தினமும் நடக்கிறது. ஒரு நோட்டு 48 ரூபாய், ஆறு நோட்டு வேண்டும். கடைக்காரர் மனதுக்குள் "ஆறு அம்பது முந்நூறு, பன்னெண்டு கழிச்சா இருநூத்து எண்பத்தெட்டு" என்கிறார். அது 6 × (50 - 2) = 300 - 12; பங்கீட்டுப் பண்பு. 25 × 37 × 4 என்று வந்தால் முதலில் 25 × 4 = 100 ஆக்கி, 3,700 என்று சொல்வது பரிமாற்றுப் பண்பும் சேர்ப்புப் பண்பும். கழித்தலிலும் வகுத்தலிலும் இந்தச் சுதந்திரம் இல்லை. 8 - 3 வேறு, 3 - 8 வேறு.

இலக்கங்களைக் கூட்டினால் 9-ஆல் வகுபடுமா என்று எப்படித் தெரிகிறது?

4,572-ஐ எடுத்துக்கொள்வோம். 4,000 என்பது நான்கு 999-உம் ஒரு 4-உம். 500 என்பது ஐந்து 99-உம் ஒரு 5-உம். 70 என்பது ஏழு 9-உம் ஒரு 7-உம். கடைசியில் 2. இந்த 999, 99, 9 எல்லாம் 9-ஆல் வகுபடுபவை; அவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது 4 + 5 + 7 + 2 = 18. அது 9-ஆல் வகுபடுகிறது, ஆகவே 4,572-உம் வகுபடும். 3-க்கும் இதே காரணம்தான்.

ஓர் எண்ணை 0-ஆல் வகுத்தால் என்ன வரும்?

விடை கிடையாது. 6 ÷ 0-க்கு ஏதோ ஒரு விடை இருந்தால், அதை 0-ஆல் பெருக்கும்போது 6 வர வேண்டும். 0-ஆல் எதைப் பெருக்கினாலும் 0 தானே. பிரம்மகுப்தர் 0 ÷ 0 = 0 என்று எழுதினார், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் ஓர் எண்ணை 0-ஆல் வகுத்தால் முடிவிலி என்றார். பெரிய மனிதர்களே இதில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இன்று 'வரையறுக்கப்படவில்லை' என்றே எழுத வேண்டும்.

2-இன் அடுக்கு 30, 3-இன் அடுக்கு 20: எது பெரியது?

அடுக்குகளைச் சமமாக்குங்கள். முதலாவது 8-இன் அடுக்கு 10. இரண்டாவது 9-இன் அடுக்கு 10. இரண்டாவதுதான் பெரியது. வேர் வந்தால் வர்க்கப்படுத்துங்கள்: 2√3, 3√2 இரண்டையும் வர்க்கப்படுத்தினால் 12, 18. தச்சர் நூலுக்கு மாற்றியதும் இதுவும் ஒரே உத்தி.

பெரிய எண்ணுக்குத்தான் அதிக வகுத்திகள் இருக்குமா?

இல்லை. 60-க்கு 12 வகுத்திகள், 100-க்கு 9, 101-க்கு இரண்டே இரண்டு. தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். 12, 24, 36, 48, 60, 120 எல்லாம் அந்த வரிசையில் வருபவை. மணிக்கு 60 நிமிடம் இருப்பதால்தான் அரை மணி, கால் மணி, மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு எல்லாம் மீதியில்லாமல் கிடைக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய எண் எது? 0-க்கு அடுத்த எண் எது?

பெரிய எண் இல்லை. எதைச் சொன்னாலும் அதோடு 1 கூட்டலாம். முடிவிலி என்பது அந்த வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஓர் எண் அல்ல.

இரண்டாவது கேள்வியை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். "முழு எண்களில் 1" என்றேன். "பின்னத்திலும் சேர்த்து?" என்றாள். 0.1 என்று எழுதினேன். அவள் 0.01 என்று எழுதினாள். நான் 0.001 என்று எழுத, அவள் பென்சிலை வாங்கி, வரியின் கடைசிவரை பூஜ்ஜியமாகப் போட்டு ஒரு 1 வைத்தாள். பிறகு அதையும் இரண்டால் வகுக்கலாமே என்று தானாகவே சொன்னாள்.